சிலருடைய பலவீனம்

உடன் அமர்ந்து உண்ண மறுப்பதைக் காட்டிலும் மனிதனுக்கு மனிதன் இழைக்கக்கூடிய பெரிய அவமதிப்பு வேறில்லை. இதைத் தமிழ் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆயினும், ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்தில் பருகுவதையே தங்கள் மதத்தின் மகத்தான சடங்காகக் கொண்ட ஒரு கூட்டத்தார், அந்தத் திருப்பந்தியிலேயே வந்தவனின் நிறத்தைப் பார்த்து இடம் ஒதுக்கினார்கள் என்றால், அதை அதிசயம் என்பதா, அக்கிரமம் என்பதா? தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தத் திருச்சபை செய்தது இதுதான். அச்சபை நிறத்தால் பிளவுண்ட வரலாறும், பிளந்தது பாவமென்று ஒப்புக்கொண்ட பின்னரும் ஒன்றுசேர இயலாமல் தவித்துவரும் வரலாறும், சமத்துவத்துக்காக உழைக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை. அது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று என்பது நமது துணிபு.

1652-ம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் ஸ்தாபித்தபோது, கம்பெனியின் கொடியோடு அவர்களுடைய சபையும் அங்கே கரை இறங்கியது. அதைத் தொடர்ந்து அடிமைகளும் இறங்கினர். கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும், மடகாஸ்கரிலிருந்தும், வங்காளம், மலையாளக் கரை, நமது சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தும் மக்கள் கப்பலேற்றிக் கொண்டு போகப்பட்டனர். அவர்களில் சிலரும், அந்நாட்டின் பூர்வ குடிகளில் சிலரும் ஞானஸ்நானம் பெற்று அச்சபையில் சேர்ந்தனர். எஜமானனும் ஊழியனும் ஒரே கோயிலில் தொழ வேண்டிய நிலைமை இவ்வாறு உண்டாயிற்று.

தொடக்கத்தில் சபையின் கொள்கை தெளிவாகவே இருந்தது. வெள்ளையரல்லாத ஒருவருக்கு மற்றவர்களோடு திருவிருந்து அளிக்கலாமா என்ற கேள்வி 1829-ம் ஆண்டு மகாசபையின் முன் வந்தது. நிறத்தையோ பிறப்பையோ பாராட்டாமல் யாவருக்கும் ஒன்றாகவே அளிக்க வேண்டும்; இது வேதத்தின் மீது நிற்கும் அசையாத கொள்கையாதலால் விவாதத்துக்கே இடமில்லை என்று மகாசபையார் விடையளித்தனர். இதைவிட நேர்மையான தீர்ப்பு வேறு என்ன வேண்டும்?

ஆனால் கொள்கை ஏட்டில் இருந்தது. துவேஷம் நெஞ்சில் இருந்தது. 1834-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நேற்றுவரை அடிமையாயிருந்தவன் இன்று சரிசமமாக அருகில் வந்து நிற்பதை வெள்ளைக் குடியானவனால் சகிக்க முடியவில்லை. ஸ்டாக்கன்ஸ்ட்ரோம் என்னும் ஊரில் வெள்ளை அங்கத்தினர் சிலர், தங்களுக்குத் தனியாகத் திருவிருந்து நடத்த வேண்டுமென்று மனுச் செய்துகொண்டனர். இத்தகைய கோரிக்கைகள் பெருகவே, 1857-ம் ஆண்டில், நம் நாட்டில் சிப்பாய்ப் புரட்சி மூண்ட அதே ஆண்டில், மகாசபை மறுபடியும் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டது.

அன்று நிறைவேறிய தீர்மானம் வெகு சாமர்த்தியமானது. புதிதாக மதத்தில் சேர்ந்தவர்களை ஏற்கெனவே உள்ள சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஒத்தது என்று அது ஆரம்பித்தது. ஆனால், சிலருடைய பலவீனத்தின் காரணமாக அவ்வாறு செய்வது மதப் பிரசாரத்துக்கு இடையூறாகுமானால், அவர்களுக்கென்று தனிக் கட்டிடத்தில் தனியாக வழிபாடு நடத்தலாம் என்று முடிந்தது. முதற்பாதி வேதத்துக்கு, பிற்பாதி வெள்ளையருக்கு!

யாருடைய பலவீனம் என்பதைச் சிந்திக்க வேண்டும். தள்ளப்பட்டவனுடைய பலவீனமன்று, தள்ளியவனுடைய பலவீனம். பலவீனரைத் தாங்க வேண்டும் என்று அப்போஸ்தலர் பவுல் உபதேசித்தது உண்மையே. ஆனால் அவர் பேசியது உணவு விஷயத்தில் மனம் கலங்கிய எளியவர்களைப் பற்றி. அதே பவுல், அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு உண்பதை விட்டு ஒதுங்கியபோது, ‘இது சிலருடைய பலவீனம், போகட்டும்’ என்று வாளாவிருக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். இந்த வரலாறு மகாசபையில் வீற்றிருந்த போதகர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் அவர்கள் மௌனம் சாதித்தனர். வலியவனுடைய வெறுப்புக்குப் பலவீனம் என்று பெயரிட்டு அனுதாபம் காட்டினர்; எளியவனுடைய உரிமையை எடுத்து அந்த அனுதாபத்துக்கு விலையாகக் கொடுத்தனர்.

விதிவிலக்கு என்று உள்ளே நுழைந்தது, விதியாவதற்கு வெகு காலம் பிடிக்கவில்லை. 1881-ல் ‘கலர்டு’ என்று வகைப்படுத்தப்பட்ட கலப்பு வம்சத்தாருக்கென மிஷன் சபை என்ற தனிச்சபை அமைக்கப்பட்டது. ஆரஞ்சு சுதந்தர மாகாணத்தில் 1910-ல் ஆப்பிரிக்கருக்குத் தனிச்சபை எழுந்தது. மற்ற மாகாணங்களிலும் அவ்வாறே எழுந்தவை 1963-ல் ஒரே ஆப்பிரிக்கர் சபையாக இணைக்கப்பட்டன. 1968-ல் இந்தியருக்கென்றும் ஒரு சபை ஸ்தாபிக்கப்பட்டது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் அந்நாட்டு இந்தியரில் பெரும் பகுதியினர். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற அந்தப் பூமியில், அவர்களுடைய சந்ததியாரில் இச்சமயத்தைத் தழுவியோருக்கும் நிறத்தின்படி ஒரு தனிக் கூடாரம் அடித்துக் கொடுத்தார்கள். வேதம் ஒன்று; விசுவாசப் பிரமாணம் ஒன்று; ஆனால் தோலுக்கு ஒன்றாகச் சபைகள் நான்கு!

கோயிலுக்குள் பழகிய வழக்கம் கோட்டைக்குள் புகுந்தது. 1948-ல் தேசியக் கட்சி அதிகாரத்தைக் கைப்பற்றியபோது பிரதம மந்திரியான டாக்டர் மலான், அரசியலில் இறங்குமுன் அதே சபையில் போதகராயிருந்தவர். கலப்பு மணத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்தியவர்களில் அச்சபையாரும் இருந்தனர். 1949-ல் அச்சட்டம் வந்தது. 1950-ல் ஒவ்வொரு மனிதனையும் இனம் பிரித்துப் பதிவு செய்யும் சட்டமும், இனத்துக்கு ஒரு வட்டாரம் என்று குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டமும் வந்தன. 1957-ல் சர்க்கார் இன்னும் ஒருபடி மேலே சென்று, வெள்ளையர் பகுதிகளிலுள்ள கோயில்களுக்கு ஆப்பிரிக்கர் வருவதைத் தடுக்க மந்திரிக்கு அதிகாரமளிக்கும் விதியைக் கொண்டுவந்தது. சரியாக நூறு ஆண்டுகள்! சிலருடைய பலவீனத்துக்கு இரங்கித் தொடங்கியது, எல்லோருடைய கழுத்தையும் நெரிக்கும் கயிறாகத் திரிந்துவிட்டது. 1974-ல் வெள்ளையர் சபை வெளியிட்ட நீண்ட அறிக்கையொன்று, இனங்கள் தனித்தனியே வளர்வதற்கு வேதத்திலேயே ஆதாரம் தேடிக் கொடுத்தது. முன்னோர் பலவீனம் என்றாவது வெட்கத்தோடு சொன்னார்கள். பின்வந்தோர் அதைச் சித்தாந்தமாகவே உயர்த்திவிட்டனர்.

நிற்க. அச்சபையில் மனச்சாட்சி அடியோடு செத்துவிடவில்லை என்பதையும் சொல்வது நியாயம். பேராசிரியர் கீட், பென் மரே போன்ற அறிஞர்கள் ஐம்பதுகளிலேயே இந்த வியாக்கியானம் பொய்யென்று எழுதினர். 1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் போலீசார் சுட்டு 69 பேர் மாண்ட பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் ஜோஹானஸ்பர்க்கைச் சேர்ந்த காட்டஸ்லோவில் உலகச் சபைகள் ஐக்கியத்தின் ஆதரவில் ஒரு மகாநாடு கூடியது. நிறத்தைக் காரணமாகக் கொண்டு எந்த விசுவாசியையும் எந்தக் கோயிலிலிருந்தும் விலக்கலாகாது. கலப்பு மணத்தைத் தடுக்க வேதத்தில் ஆதாரமில்லை என்று அம்மகாநாடு கூறியது. டச்சு சபையின் பிரதிநிதிகள் பலரும் இதற்குச் சம்மதித்தே வந்தனர். ஆனால் பிரதம மந்திரி வெர்வூர்ட் சீறினார். உடனே சபையின் மகாசபைகள் தங்கள் பிரதிநிதிகளையே கைவிட்டன. உலக ஐக்கியத்திலிருந்தும் விலகின. ஆண்டவனுக்கு அஞ்சுவதாகச் சொல்லிக்கொண்டவர்கள் அரசாங்கத்துக்கு அஞ்சிய காட்சி அது.

அஞ்சாதவர் ஒருவர் இருந்தார். பெயர்ஸ் நௌடே. ஆப்பிரிக்கானர் ரகசியச் சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் ஒருவருடைய புதல்வர். சபையில் உயர் பதவி வகித்தவர். நாளை இன்னும் உயரப் போகிறவர் என்று எல்லோரும் எண்ணியிருந்தவர். அவர் 1963-ல் எல்லா இனத்தாரும் சேர்ந்துழைக்கக் கிறிஸ்தவ நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் தலைமையா, போதகர் பதவியா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி சபை கட்டளையிட்டது. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே தகும் என்று பிரசங்கம் செய்துவிட்டு, அங்கியைக் கழற்றி வைத்து வெளியேறினார். 1977 முதல் 1984 வரை சர்க்கார் அவருக்குத் தடையுத்தரவு போட்டு வாயைக் கட்டியது. தடையிலிருக்கும்போதே, 1980-ல், அவர் ஆப்பிரிக்கர் சபையில் சேர்ந்துகொண்டார். ஒற்றுமை வேண்டும் என்று பேசுவோர் பலர். ஒற்றுமைக்காகத் தன் இடத்தைவிட்டு எழுந்து மறுபக்கம் சென்று அமர்ந்தவர் அவர்.

எனினும், முட்டுக்கட்டையை உடைத்தது வெளியே தள்ளப்பட்டவர்களுடைய கைதான். 1982-ல் கனடாவிலுள்ள ஒட்டாவா நகரில் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டணி கூடியது. திருவிருந்துக்கு அழைத்தபோது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வெள்ளையரல்லாத பிரதிநிதிகள் எழுந்து செல்ல மறுத்துவிட்டனர். சொந்த நாட்டில் எங்களோடு பந்தியில் அமர மறுப்பவர்களோடு அந்நிய நாட்டில் அமர்ந்து உண்பது பொய்யாகாதா என்பது அவர்கள் கேள்வி. இதுவும் ஒரு சத்தியாக்கிரகமே அல்லவா? நூற்றிருபத்தைந்து ஆண்டுகளாகப் பந்தியிலிருந்து விலக்கப்பட்டவர்கள், அன்று தாமாகப் பந்தியை விலக்கி, விலக்கியவர்களின் குற்றத்தை உலகத்தின் முன் வைத்தனர். நிறப்பிரிவினைக்குச் சமய நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று கூட்டணி அறிவித்தது. வெள்ளையர் சபைகள் இரண்டின் அங்கத்துவத்தை நிறுத்தி வைத்தது. மிஷன் சபையைச் சேர்ந்த ஆலன் பூசாக்கைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அவ்வாண்டு அக்டோபரில், கேப்டவுனை அடுத்த பெல்ஹார் என்னும் இடத்தில் மிஷன் சபையின் மகாசபை கூடி ஒரு விசுவாச அறிக்கையின் நகலை ஏற்றது; 1986-ல் அது முடிவாக நிறைவேறியது. அவ்வறிக்கை மூன்று பொருள்களைப் பற்றியது: ஒற்றுமை, ஒப்புரவு, நீதி. சபையின் ஒற்றுமை கடவுள் தந்த வரம். அதே சமயம் மனிதர் முயன்று நிறைவேற்ற வேண்டிய கடமை. அது கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. பகையுண்டவர்களை ஒப்புரவாக்கும் வல்லமையை மறுத்து, நிறத்தைக் காட்டிப் பிரித்து வைக்கும் எந்த உபதேசத்தையும் நிராகரிக்கிறது. அநீதிக்குள்ளானவர்களுக்கும் ஏழைகளுக்கும் கடவுள் விசேஷமாகத் துணை நிற்கிறார்; ஆகவே சபையும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும் என்று முடிகிறது. இதனோடு ஒரு கடிதத்தையும் இணைத்தார்கள். தாங்கள் எதிர்ப்பது பொய்யுபதேசத்தையேயன்றி மனிதர்களை அன்று என்று அது விளக்கியது. அவமதிப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் எழுதிய அந்த வாசகத்தில் பழிவாங்கும் சொல் ஒன்றேனும் இல்லை. இந்தப் பெருந்தன்மைக்கு நாம் தலைவணங்குகிறோம்.

வெள்ளையர் சபையும் மெல்ல அசைந்தது. 1986-ல் எல்லா இனத்தாருக்கும் தன் கதவுகள் திறந்திருப்பதாக அறிவித்தது. அதைப் பொறாத ஒரு சாரார் 1987-ல் வெளியேறி வெள்ளையருக்கு மாத்திரம் என்று ஒரு சபையை அமைத்துக்கொண்டனர். 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க்கில் நடந்த சபைகளின் மகாநாட்டில் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தம் பாவத்தையும், தம் சபையின் பாவத்தையும், தம் ஜனங்களின் பாவத்தையும் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினார். அத்தியட்சர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்து அம்மன்னிப்பை அளித்தார். 1994 ஏப்ரல் 14-ல், அந்நாட்டில் எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னதாக, மிஷன் சபையும் ஆப்பிரிக்கர் சபையும் இணைந்தன. இணைந்த சபை தனக்கு ‘ஒன்றுபட்ட’ என்று பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. ‘ஒன்றுபட்டுவரும் சீர்திருத்தச் சபை’ என்றே சூட்டிக்கொண்டது. வெள்ளையரும் இந்தியரும் வந்து சேரும் வரையில் வேலை முடியவில்லை என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் நெல்சன் மண்டேலா வெள்ளையர் சபையின் மகாசபையில் வந்து உரையாற்றினார். 1998-ல் அச்சபை நிறப்பிரிவினையைப் பாவமென்று நிராகரித்தது. உலகக் கூட்டணியும் அதை மறுபடி ஏற்றுக்கொண்டது.

இனியென்ன, ஒன்றாகிவிட வேண்டியதுதானே? ஆகவில்லை! 1994 கழிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நான்கு குடும்பத்தாரும் ஒரே சபையாகவில்லை. ஆப்பிரிக்கர் சபையிலேயே ஒரு பகுதியினர் இணைப்புக்கு வெளியே நின்று, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. பெல்ஹார் அறிக்கையை ஏற்பதுதான் பெரிய தடையாக நின்றது. 2011-ல் வெள்ளையர் சபையின் பொது மகாசபை அதைத் தன் விசுவாச அடிப்படையில் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. ஆனால் மாகாண மகாசபைகள் ஒவ்வொன்றிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. 2015-ல் அது கிடைக்காமல் முயற்சி தோற்றது. இதற்கிடையில் அமெரிக்கச் சீர்திருத்தச் சபை 2010-லும், அமெரிக்காவின் பிரஸ்பிட்டேரியன் சபை 2016-லும் அவ்வறிக்கையைத் தங்கள் பிரமாணங்களில் ஒன்றாக ஏற்றன. கடல் கடந்த அந்நியருக்கு இனித்த மருந்து, யாருடைய நோய்க்காகத் தயாரிக்கப்பட்டதோ அவருக்குக் கசக்கிறது.

ஆட்சேபிப்போர் சொல்லும் காரணங்களைக் கேட்போம். கடவுள் ஏழைகள் பக்கம் நிற்கிறார் என்பது அரசியல் வாடை வீசுகிறது என்கிறார்கள். வேற்றுமை ஒழிந்துவிட்டபோது அதைக் கண்டிக்கும் பிரமாணம் எதற்கு என்கிறார்கள். பாஷை வேறு, பழக்கம் வேறு, ஊர் வேறு. கூடிப் பிரார்த்திப்போம், ஆனால் ஒரே ஸ்தாபனமாக வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். பாஷை வேற்றுமை உண்மையான கஷ்டம் என்பதை நாம் மறுக்கவில்லை. யாரும் தத்தம் தாய்மொழியில் தொழுவதற்குத் தடையில்லை. ஆனால் ஜனங்கள் வெவ்வேறு ஊரில் வசிப்பது தற்செயலா? வட்டாரம் பிரித்த சட்டத்தால் வந்ததல்லவா? பிரித்து வைத்துவிட்டு, பிரிந்திருப்பதையே ஒன்றாகாமைக்குக் காரணம் காட்டுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? பாவம் என்று பொதுவாக ஒப்புக்கொள்வது எளிது. பாதிக்கப்பட்டவன் எழுதிய வாசகத்தில் கையொப்பமிட்டு, அவனோடு சொத்தையும் அதிகாரத்தையும் பகிர்ந்துகொண்டு, அவன் தலைமையின் கீழும் அமரச் சம்மதிப்பதுதான் கடினம். மன்னிப்புக்கும் ஒற்றுமைக்கும் நடுவிலுள்ள தூரம் இதுதான்.

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழர் எவரும் அந்நியனுடைய குற்றமென்று ஒதுங்கிவிட முடியாது. 1833-ல் ஆங்கிலத் திருச்சபையின் அத்தியட்சர் டேனியல் வில்சன், நம் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் தனி இருக்கை, தனிப் பந்தி என்று நடமாடிய ஜாதி வேற்றுமையை உடனே, முற்றாக ஒழிக்க வேண்டுமென்று கட்டளை அனுப்பினார். அதை ஏற்க மனமின்றிச் சபையை விட்டு வெளியேறியவர்கள் பலர். அங்கே நிறம், இங்கே குலம், நோய் ஒன்றே. கோயிலாயினும், கட்சியாயினும், சங்கமாயினும், ‘கொள்கை சரிதான், ஆனால் நம் ஜனங்கள் இன்னும் பக்குவப்படவில்லை’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் 1857-ம் ஆண்டுத் தீர்மானம் நமக்கு நினைவுக்கு வர வேண்டும்.

சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு எளியவனை இன்று ஒருநாள் மட்டும் தனியே உட்காரச் சொல்கிறோம். அந்த ஒருநாள் அங்கே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டுவிட்டது, இன்னும் விடியவில்லை. பெல்ஹாரில் கூடிய எளிய மக்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தங்கள் பெயரையே முற்றுப்பெறாததாக வைத்துக்கொண்டு, வரவேண்டியவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். உள்ளே வர வேண்டியவர்கள் வலியவர்கள். பந்தியில் இடம் இருக்கிறது. அவர்கள் எழுந்து வரவேண்டியதுதான் பாக்கி.